மஞ்சளை முதலில் வேகவிடுங்கள்

மஞ்சள் பால் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, தூளை எப்போது போடுகிறீர்கள் என்பதுதான். பாலைக் காய்ச்சி, டம்ளரில் ஊற்றி, மேலே அரை ஸ்பூன் தூளைப் போட்டுக் கலக்குகிறேன் என்பார்கள். அந்தப் பாலை எனக்கும் பிடிக்காது. பச்சை வாசனை அடிக்கும், நாக்கில் மாவு ஒட்டும், கடைசி மடக்கில் தூள் முழுக்க அடியில் கிடக்கும். சளி பிடித்த குழந்தையின் மூக்கைப் பிடித்து இதை ஊற்றிவிட்டால், அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவனான பிறகும் மஞ்சள் பால் என்றாலே முகம் சுளிக்கும்.

மஞ்சள் வேக வேண்டிய பொருள். குழம்பில் போட்டால் வேகவிடுகிறோம், பருப்பில் போட்டால் வேகவிடுகிறோம், பாலுக்கு மட்டும் ஏன் பச்சையாகப் போட வேண்டும்? இந்தப் பதிவு முழுக்க இதைத்தான் சொல்லப் போகிறேன். கூடவே பால், மிளகு, பனங்கற்கண்டு என்று கொஞ்சம் சுற்றிவிட்டும் வருவேன்.

இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராத்தியர்களின் ராணுவக் கோட்டைகள் என்று பன்னிரண்டைச் சேர்த்து அறிவித்தார்கள். அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான். சிவாஜி 1677ல் பிடித்த கோட்டை, அவர் மகன் ராஜாராம் முகலாயர்களின் முற்றுகைக்குள் வருஷக்கணக்கில் தாக்குப்பிடித்த கோட்டை. அறிவிப்பு வந்ததிலிருந்து, இத்தனை வருஷமாகத் திருவண்ணாமலைக்குப் போகும் வழியில் பஸ் ஜன்னலில் மட்டும் மலையைப் பார்த்துக்கொண்டு போன சொந்தக்காரர்களும் நண்பர்களும் இறங்கி வர ஆரம்பித்திருக்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். ராஜகிரி எண்ணூறு அடி உயரம். ஏறி இறங்கி வீட்டுக்கு வரும்போது கால் கெஞ்சும், தொண்டை புழுதியில் கரகரக்கும். மார்கழி, தை மாதமென்றால் பகலெல்லாம் காய்ந்த பாறை பொழுது சாய்ந்ததும் சட்டென்று குளிர்ந்துவிடும், காலையில் பனி இறங்கி மலை உச்சியே தெரியாது. அப்படி வருகிறவர்களுக்கு நான் காபி கொடுப்பதில்லை. மஞ்சள் பால்தான்.

போன மார்கழியில் சென்னையிலிருந்து வந்த சித்தி மகள் டம்ளரைக் காலி செய்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணா, இதுல என்ன போட்டீங்க? எங்க வீட்டுல இப்படி வர்றதே இல்ல."

"நீ போடுற அதே தூள்தான்மா. எப்பப் போடுற?"

"பாலை இறக்கினப்புறம்."

"அங்கதான் இருக்கு."

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது எங்கள் ஆயா. "பால் காஞ்சப்பறம் போட்டா அது வெறும் மஞ்சத் தண்ணிடா கண்ணு. மொதல்ல தண்ணியில வேவ வை. வாசனை மாறும் பாரு, அப்பறமா பால ஊத்து" என்பாள். விஞ்ஞானம் படித்தவளில்லை. ஆனால் அவள் செய்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் காரணம் இருக்கிறது என்று, ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்கும்போது தெரிந்துகொண்டேன்.

முதலில் பால். மஞ்சளுக்கு நிறத்தைக் கொடுக்கும் குர்குமின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் இந்தப் பானத்துக்குக் கொழுப்பு எடுத்த பால் சரிவராது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் காலையும் மாலையும் பால் சொசைட்டி முன்னால் கேன்களோடு வரிசை நிற்கிறது. கொழுப்பு எவ்வளவு என்று அளந்துதான் காசு. சொசைட்டிக்கு ஊற்றும் வீட்டில் சொல்லிவைத்து வாங்க முடிந்தால் அதைவிட மேலானது இல்லை. எருமைப் பால் கிடைத்தால் விடாதீர்கள், அதில் ஏழு சதவீதம்வரை கொழுப்பு இருக்கும். பசும்பாலில் நாலு. பாக்கெட் என்றால் ஆவின் ஆரஞ்சு வாங்குங்கள், 6 சதவீதக் கொழுப்பு. நீல பாக்கெட்டில் 3தான். அதுதான் வீட்டில் இருக்கிறதென்றால் கால் ஸ்பூன் நெய் சேர்த்துக்கொள்ளலாம். பாலிலுள்ள கேசின் என்ற புரதமும் குர்குமினைப் பிடித்துவைத்துக்கொள்ளும் தன்மை உடையது. தண்ணீரில் கரைக்காமல் பாலில் கொடுத்தார்களே நம் வீட்டுப் பெண்கள், அதற்கு இத்தனை பொருள் இருக்கிறது.

அடுத்தது மஞ்சள். இதில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மளிகைக் கடைக்குப் போய் "மஞ்சத்தூள் ஒரு பாக்கெட்" என்று கேட்டால் மூன்று விதமான பொருள் வர வாய்ப்பிருக்கிறது. சமையலுக்கானது ஒன்று. முகத்துக்குப் பூசும் கஸ்தூரி மஞ்சள் இன்னொன்று. அது வேறு செடி, சாப்பிடுவதற்கில்லை. மூன்றாவது பூஜைக்கு என்று விற்கும் தூள். அது பளபளவென்று கண்ணைப் பறிக்கும், விலையும் குறைவு. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் உணவுக்கு அல்ல என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். பூஜை அலமாரியில் இருப்பதும் மஞ்சள்தானே என்று அவசரத்துக்கு எடுத்துப் போடுகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயார்.

என் பழக்கம் விரலி மஞ்சளை வாங்கி வந்து காயவைத்து மெஷினில் அரைத்துக்கொள்வது. ஈரோட்டு விரலி நன்றாக இருக்கும். ஈரோடு மஞ்சளுக்கு 2019ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தோட்டத்திலிருந்து வெட்டிய கிழங்கை முக்கால் மணி, ஒரு மணி நேரம் வேகவைத்து, பத்துப் பதினைந்து நாள் வெயிலில் காயப்போட்டு, பீப்பாயில் உருட்டிப் பாலிஷ் செய்கிறார்கள். நல்ல விரலியை உடைத்தால் டக்கென்று சத்தம் வரும், உள்ளே ஆழ்ந்த ஆரஞ்சு நிறம் தெரியும். வெளியே கொஞ்சம் மங்கலாக, மண் நிறமாக இருந்தால் கவலைப்படாதீர்கள். வெளித்தோலே எலுமிச்சை நிறத்தில் மினுமினுத்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஏன் யோசிக்க வேண்டும் என்றால், அந்த மினுமினுப்புக்காக லெட் குரோமேட் என்னும் ஈயச் சாயத்தைத் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். வங்கதேசத்தில் நடந்த கதை இதற்குப் பாடம். அங்கே கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு போன ஆராய்ச்சியாளர்கள், கடைசியில் மஞ்சளில் வந்து நின்றார்கள். 2019ல் அந்த ஆய்வு வெளியானது. அரசு சந்தைகளில் சோதனை நடத்தியது, அபராதம் போட்டது, ஊர் ஊராக அறிவிப்பு ஒட்டியது. 2019ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த ஈயம் 2021ல் இல்லாமலே போனது. முடியும் என்று காட்டிவிட்டார்கள். நம் ஊரிலும் இதே தீவிரத்தோடு செய்ய வேண்டும் என்பது என் ஆசை. குழந்தைக்கு நல்லதென்று நினைத்துக் கொடுக்கும் பாலில் ஈயம் போவதைவிட வேறென்ன கொடுமை வேண்டும்?

தூளாகத்தான் வாங்க முடியும் என்றால், ஒரு கண்ணாடி டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து ஒரு ஸ்பூன் தூளை மேலே தூவி, கலக்காமல் விட்டுவிடுங்கள். நல்ல தூள் மெல்ல அடியில் இறங்கும், தண்ணீர் இளமஞ்சளாக நிற்கும். தண்ணீர் முழுக்க அடர்ந்த மஞ்சளாகிவிட்டால் சாயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்தச் சோதனை எல்லாக் கலப்படத்தையும் காட்டிக்கொடுத்துவிடாது. அதனால்தான் விரலியாக வாங்கி நாமே அரைப்பது என்று சொல்கிறேன்.

மிளகு. இதை விட்டுவிட்டு மஞ்சள் பால் போடுவதில் அர்த்தமில்லை என்றே சொல்வேன். 1998ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். குர்குமினை மட்டும் கொடுத்தால் ரத்தத்தில் அது இருக்கும் சுவடே சரியாகத் தெரியவில்லை. கூடவே மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் கொடுத்தபோது உடலில் சேரும் அளவு 2000 சதவீதம் கூடியது. மிகச் சிலரை வைத்துச் செய்த சோதனைதான், ஆனாலும் உலகமெல்லாம் மேற்கோள் காட்டுகிறார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 மில்லிகிராம் பைப்பரினுக்கு எட்டுப் பத்து மிளகு போதும். ஆயா பாலுக்கு எண்ணிப் போடுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

சுக்கு சேர்க்கலாம். இஞ்சி வேண்டாம். பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் ஒரு நொதி இருக்கிறது. சூடான பாலில் அது பட்டால் பால் திரிந்துவிடும். சீனாவில் குவாங்டாங் பக்கம் இஞ்சிச் சாற்றில் சூடான பாலை ஊற்றி உறையவைத்து இனிப்பாகவே சாப்பிடுகிறார்களாம். நமக்குத் தேவை குடிக்கிற பால். இஞ்சி வாசனைதான் வேண்டுமென்று அடம்பிடிப்பவர்கள் அதைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, நொதி செயலிழந்த பிறகு பாலை ஊற்றலாம். பட்டை ஒரு சின்னத் துண்டு, ஏலக்காய் இரண்டு. கிராம்பு, ஜாதிக்காய் எல்லாம் போட்டால் மஞ்சள் பின்னுக்குப் போய்விடும், அப்புறம் அது மசாலா பால். மசாலா பாலும் நல்லதுதான், வேறு பதிவில் பேசலாம்.

இப்போது அடுப்பைப் பற்றவையுங்கள். இரண்டு பேருக்கான அளவு சொல்கிறேன்.

எட்டு மிளகையும் சுண்டுவிரல் நுனியளவு சுக்கையும் உரலில் போட்டு ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். மாவாக்க வேண்டாம், வடிகட்டும்போது அடைக்கும். அடிகனமான பாத்திரத்தில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, அரை டீஸ்பூன் மஞ்சள்தூள், தட்டிய மிளகு சுக்கு, பட்டை எல்லாவற்றையும் போட்டுச் சிறு தீயில் வையுங்கள். கொதி வரும். முதலில் எழும் வாசனை பச்சை மண் வாசனை மாதிரி இருக்கும். நாலைந்து நிமிடத்தில் அது அடங்கி, கொஞ்சம் இனிப்பான, குழம்பு கொதிக்கும்போது வருகிற அந்த வாசனை வரும். இந்த மாற்றத்துக்காகத்தான் காத்திருக்கிறோம். மூக்கை நம்புங்கள், கடிகாரம் வேண்டாம். தண்ணீர் பாதியாகச் சுண்டி, நிறம் ஆழ்ந்திருக்கும்.

அவசரம் என்று குக்கரில் போடாதீர்கள். மைசூரில் உள்ள மத்திய உணவு ஆராய்ச்சி நிறுவனம் இதை அளந்து பார்த்திருக்கிறது. மஞ்சளைச் சூடாக்கும் விதத்தைப் பொறுத்து குர்குமினில் 27 முதல் 53 சதவீதம்வரை குறைகிறது, அதிக இழப்பு பிரஷர் குக்கரில். வேகவும் வேண்டும், வெந்துகொண்டே இருக்கவும் கூடாது.

இனி இரண்டு டம்ளர் பாலை ஊற்றுங்கள். காய்ச்சி ஆறிய பாலோ பச்சைப் பாலோ, எதுவானாலும் சரி. தீயைக் கூட்டாமல், அடிக்கடி கிளறிக்கொண்டே இருங்கள். பால் பொங்கி எழும்போது தீயைக் குறைத்து, மறுபடி அடங்கவிட்டு, இப்படி ஆறேழு நிமிடம். ஓரத்தில் படியும் ஏட்டை வழித்து உள்ளேயே தள்ளுங்கள், மஞ்சளின் நிறமெல்லாம் அந்த ஏட்டில்தான் ஏறி நிற்கும். கடைசியில் ஏலக்காயைத் தட்டிப் போட்டு அடுப்பை அணைத்து, மூடி வைத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து வடிகட்டுங்கள்.

இனிப்பு சேர்க்க வேண்டியது இப்போதுதான். எனக்குப் பனங்கற்கண்டு. விழுப்புரம் மாவட்டத்தில் வளர்ந்தவனுக்குப் பனையைத் தவிர வேறு எதையும் சொல்ல மனம் வராது. வெள்ளைச் சர்க்கரை வெறும் இனிப்பு. பனங்கற்கண்டில் லேசான புகை மணம், அடியில் ஒரு கனம் இருக்கிறது. மிளகின் காரத்தோடு அது சேரும்போது தொண்டைக்கு இதமாக இறங்கும். ஆனால் பனங்கற்கண்டானாலும் வெல்லமானாலும் பால் கொதிக்கும்போது போடாதீர்கள். வெல்லத்தில் புளிப்பு இருந்தால் கொதிக்கும் பாலைத் திரித்துவிடும். இறக்கி, சூடு தணிந்த பிறகு போட்டால் பயமில்லை. பனங்கற்கண்டில் மண், தூசி இருக்கும் என்பதால் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுவது இன்னும் நல்லது.

பிறகு ஆற்ற வேண்டும். இரண்டு லோட்டாவை எடுத்து உயரத்திலிருந்து நாலு முறை ஆற்றினால் நுரை கட்டும். காபிக்கு மட்டும்தான் ஆற்றல் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஏடு கட்டிய பால் என்றால் ஓடிப்போகும் பிள்ளைகள்கூட நுரை கட்டிய பாலைக் குடித்துவிடும்.

இனி, இது எதற்கெல்லாம் மருந்து என்ற கேள்வி. இதை நேர்மையாகப் பேசிவிட வேண்டும். 2020ல் கொரோனா வந்தபோது ஆயுஷ் அமைச்சகம், 150 மில்லி சூடான பாலில் அரை டீஸ்பூன் மஞ்சள் போட்டு நாளுக்கு ஒன்றிரண்டு வேளை குடிக்கச் சொன்னது. அதற்கும் முன்னாலேயே, 2016 வாக்கில் லண்டன் காபிக் கடைகளில் இதே பால் புதுப் பெயரில் விற்பனைக்கு வந்துவிட்டது. புற்றுநோயிலிருந்து மறதி நோய்வரை எல்லாவற்றையும் குணப்படுத்தும் என்று வாட்ஸப்பில் ஓடுகிறது. அந்தச் செய்திகளை நம்பாதீர்கள். 2017ல் மருந்து வேதியியல் இதழொன்றில் வந்த விரிவான கட்டுரை, குர்குமினை வைத்து நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும் கறாரான முறையில் நடந்த ஒரு சோதனைகூட வெற்றி பெறவில்லை என்று சொன்னது. நம் டம்ளர் பாலின் கணக்கையும் பாருங்கள். அரை டீஸ்பூன் மஞ்சள் ஒன்றரை கிராம். அதில் மூன்று சதவீதம் குர்குமின் என்று வைத்தால் இரண்டு டம்ளருக்கு 45 மில்லிகிராம், ஒருவர் வாய்க்குப் போவது இருபது சொச்சம். பெங்களூரு ஆய்வில் கொடுத்தது 2 கிராம். எண்பது தொண்ணூறு மடங்கு வித்தியாசம்.

அதனால் என்ன? குளிர் இரவில் சூடான, கொழுப்பான, காரமும் இனிப்புமான ஒரு பானம் தொண்டைக்குச் செய்வதைச் செய்யும். இருமல் வறட்சி அடங்கும், மூக்கடைப்பு கொஞ்சம் இளகும், உடம்பு தளர்ந்து தூக்கம் வரும். எனக்கு அது போதும். நோயென்றால் டாக்டரிடம் போக வேண்டும், பாலை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள் தினசரி வழக்கமாக்குவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மஞ்சளை மாத்திரையாக விழுங்குவது வேறு விஷயம். இத்தாலியில் அப்படிச் சாப்பிட்டவர்களுக்கு ஈரல் பாதிப்பு வந்து 2019ல் அரசே எச்சரிக்கை போட்டது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மாட்டுப் பாலே கூடாது, மஞ்சள் பால் பேச்சுக்கே இடமில்லை.

காயத்துக்கு மஞ்சள் வைப்பது நாம் காலங்காலமாகச் செய்வது. அதற்கு 1995ல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையம் காப்புரிமை வாங்கியது. நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம், அப்போது மஷேல்கர் தலைமையில், பழைய நூல்களிலிருந்தும் இதழ்களிலிருந்தும் 32 ஆதாரங்களைத் திரட்டிக்கொண்டு போய் வாதாடி 1997ல் அதை ரத்து செய்ய வைத்தது. இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே பாலைக் கொடுங்கள். தேசிங்கு ராஜா கதைக்கு இணையாகக் கேட்பார்கள்.

பொங்கலுக்கு அப்புறம் இன்னொரு விதமாகவும் செய்யலாம். பானையில் கட்டிய மஞ்சள் கொத்தைக் கனுவுக்குப் பிறகு பலர் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். மனசு கேட்பதில்லை. கிழங்கை உடைத்தெடுத்து மண் போகக் கழுவி, தோல் சுரண்டி, கட்டைவிரல் பருமனில் ஒரு துண்டைத் துருவிக்கொள்ளுங்கள். தூளுக்குப் பதில் இது. தண்ணீரில் கொஞ்சம் கூடுதலாக, எட்டு நிமிடம்போல் வேகவிடுங்கள். தூளில் இல்லாத ஒரு பூ வாசம் இதில் வரும், நிறமும் இன்னும் ஆழமாக இருக்கும். மீந்த கிழங்கை ஈரம் போகத் துடைத்து, துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் சில வாரம் தாங்கும். வீட்டில் தொட்டி இருந்தால் முளை தெரிகிற கிழங்கை மண்ணில் புதைத்து வையுங்கள், சித்திரை வைகாசி வெயில் தணிந்து மழை விழுந்ததும் முளைத்துவிடும்.

பச்சை மஞ்சளைத் துருவினால் கை, பலகை, சட்டை எல்லாம் மஞ்சளாகும். கையில் முதலிலேயே கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். சட்டையில் பட்டதைச் சோப்புப் போட்டால் கறை சிவந்து போகும், பயப்பட வேண்டாம். ஆரத்தியில் சுண்ணாம்பு பட்டு மஞ்சள் சிவப்பதும் இதேதான். நன்றாக அலசி வெயிலில் காயப்போடுங்கள். குர்குமின் வெளிச்சத்தைத் தாங்காது. செஞ்சி வெயிலுக்கு ஒரு நாள், பழைய கறையென்றால் இரண்டு நாள், கறை போய்விடும்.